பவளத் தீவுகள் – 9: கூட்டத்துக்கு முன் வந்த சட்டம்

பொனேர் தீவைப் பற்றிய பயண நூல்களில் பெரும்பாலானவை 1962ஆம் ஆண்டில்தான் கதையைத் தொடங்குகின்றன. அந்த ஆண்டு மே மாதம் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் 'வேலரி குவீன்' என்னும் பாய்மரக் கப்பலில் அங்கே வந்து இறங்கினார். கடலுக்கடியில் இருந்த பவளக்காட்டைக் கண்டு மயங்கி அங்கேயே தங்கினார், ஸ்கூபா முக்குளிப்பைத் தொழிலாக்கினார், பிறகு அந்தக் கடலைக் காக்கவும் போராடினார். 'கேப்டன் டான்' என்று உலகம் அறிந்த அவர் 2014இல் மறைந்தார். இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கரீபியன் கடலில் முக்குளிக்க நல்ல இடங்கள் பல இருந்தன. ஆர்வமுள்ள மாலுமிகளும் பலர் வந்தார்கள். அவற்றில் பல இடங்களில் பவளம் மிதிபட்டும் நங்கூரத்தில் உடைந்தும் கழிவுநீரில் மூச்சுத் திணறியும் அழிந்தது. இந்த 288 சதுர கிலோமீட்டர் தீவில் மட்டும் அது ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை விடையாகாது. விடை தேட நானூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டும். பொனேரின் பவளத்தைக் காத்தது அதன் வறுமை கொடுத்த கால அவகாசம். அந்த அவகாசம் தீர்வதற்குள், அதாவது கூட்டம் வருவதற்கு முன்பே, சட்டம் போட்டுக்கொண்ட தீவுமக்களின் முடிவு. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் மற்றொன்று பலன் தந்திருக்காது என்பதே என் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். வெனிசுவேலாவின் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே, வளைந்த தடியைப் போலக் கிடக்கிறது பொனேர். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழை. ஆறு ஒன்றும் கிடையாது. கள்ளியும் முட்புதரும் காட்டுக் கழுதைகளும்தான் நிலத்தின் அடையாளம். உழவனுக்குச் சாபமான இந்த வறட்சி பவளத்துக்கு வரமாயிற்று. ஆறு இல்லாததால் வண்டல் கடலில் கலப்பதில்லை. தண்ணீர் தெளிந்தே இருக்கிறது. வெயில் ஆழம்வரை இறங்குகிறது. காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே அடிப்பதால் மேற்குக் கரை பெரும்பாலும் குளம்போல அமைதியாக இருக்கிறது. புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே தீவு அமைந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கண்டத்தின் ஆழமற்ற கடல்மேடையில் ஒட்டாமல் ஆழ்கடலிலிருந்து எழுந்து நிற்பதால், கரையிலிருந்து சில பத்து மீட்டர் நீந்தினாலே பவளச் சரிவு தொடங்கிவிடுகிறது. படகு தேவையில்லை. வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பெயர் எழுதிய மஞ்சள் கல்லைப் பார்த்து இடத்தை அறிந்து, காற்றுக் கலனை முதுகில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிடலாம். தீவில் அடையாளமிட்ட முக்குளிப்பிடங்கள் மொத்தம் எண்பதுக்கும் மேல் உள்ளன. உலகின் முக்குளிப்பாளர்களைப் பொனேர் ஈர்ப்பதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

இயற்கை இவ்வளவும் தந்ததென்றால் சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடையை அண்டைத் தீவுகளில் தேடலாம். அருபா கண்டத்தின் கடல்மேடைமேலேயே இருப்பதால் அதன் கடல் வேறு மாதிரி. அதை ஒப்பிடுவது சரியாகாது. குரசாவோ அப்படியல்ல. அங்கும் இதே வறட்சி, இதே காற்று, இதே ஆழ்கடல், இதே டச்சு ஆட்சி. ஆனால் 1918இல் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை அங்கே இயங்கத் தொடங்கியது. துறைமுகம் பெருகியது, வில்லம்ஸ்டாட் நகரம் கரையோரமாகப் பரவியது. தீவின் இரு முனைகளிலும் இன்றும் அருமையான பவளத்திட்டுகள் இருக்கின்றன. ஆலையும் நகரமும் வளர்ந்த நடுப்பகுதிக் கரையில் பவளம் பெரும் சேதத்தைக் கண்டது. ஆக, பவளம் வளர்வதற்குக் காரணம் இயற்கை. அது நிலைத்து நிற்பதற்கு, கரையில் மனிதர்கள் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதே காரணம்.

பொனேரின் கரை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமை தானாக வந்ததல்ல. அதன் பின்னே பெருங்கொடுமைகள் இருக்கின்றன. தீவின் பழங்குடிகள் ககெட்டியோ மக்கள். ஒனிமாவின் பாறைக் குடைவுகளில் அவர்கள் தீட்டிய செந்நிற ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. 1499இல் அலோன்சோ தே ஒஹேடாவின் ஸ்பானியக் கப்பல்கள் வந்தன. பொன்னும் நல்ல நீரும் இல்லாத இத்தீவுகளை, பயனற்றவை என்றே ஸ்பெயினின் அதிகாரிகள் பதிவு செய்தார்கள். அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா விட்டுவிடவில்லை. 1515இல் தீவின் மக்களைப் பிடித்து ஹிஸ்பானியோலாவுக்கு அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் கால்நடைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆடும் மாடும் கழுதையும் மேய்ந்து, இருந்த கொஞ்சப் பசுமையும் தேய்ந்தது.

1636இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைப்பற்றியது உப்புக்காக. அக்காலத்தில் நெதர்லாந்தின் பெருந்தொழில்களில் ஒன்று ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தி விற்பது. அதற்கு வேண்டிய உப்பு போர்ச்சுகலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1580இல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கீழ் வந்தபின், ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டிருந்த டச்சுக்காரர்களுக்கு அந்த வழி நம்பகமற்றதாயிற்று. வெனிசுவேலாக் கரையின் அராயா உப்பளங்களுக்குப் போனார்கள். ஸ்பானியர் அங்கே கோட்டை கட்டித் தடுத்தார்கள். பொனேரின் தென்கோடி, கடல்மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் தட்டைநிலம்; வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நம்மவர்கள் பார்த்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை. அதன் தம்பியான மேற்கிந்தியக் கம்பெனி இங்கே உப்பளம் அமைத்தது. தீவு முழுவதும் கம்பெனியின் தோட்டமாயிற்று, பிறகு அரசின் தோட்டமாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகள் கொளுத்தும் வெயிலில் உப்பை வாரி, தலையில் சுமந்து, கரையில் குவித்தார்கள். கம்பெனி ஒழிந்தபின் அவர்கள் அரசின் உடைமையானார்கள். 'அரசனின் அடிமைகள்' என்பதே அவர்களுக்கு வழங்கிய பெயர். அவர்களின் குடும்பங்கள் கடலிலிருந்து பார்த்தால் தெரியாத உட்பள்ளத்தாக்கில் இருந்த ரிங்கோன் ஊரில் வாழ்ந்தன. அங்கிருந்து உப்பளத்துக்கு ஏழு மணி நேர நடை. வாரக் கடைசியில் நடந்து வீட்டுக்குப் போய் மறுபடி நடந்து திரும்பவேண்டும். அவர்கள் இரவில் படுக்க 1850ஆம் ஆண்டில் கட்டிய கல் குடில்கள் இன்னும் கரையில் நிற்கின்றன. உள்ளே ஒரு வளர்ந்த மனிதர் நிமிர்ந்து நிற்க முடியாது; வாசல் இடுப்பளவே. பக்கத்தில், உப்பேற்ற வரும் கப்பல்களுக்கு வழிகாட்ட 1830களில் எழுப்பிய உயர்ந்த தூண்கள் நிற்கின்றன. கப்பலுக்கு அவ்வளவு உயரம், மனிதனுக்கு இவ்வளவு உயரம் என்று அந்தக் கரையே கணக்குச் சொல்லி நிற்கிறது. இன்று அந்தக் குடில்களுக்கு நேரெதிரே கடலில் இறங்கும் முக்குளிப்பிடங்களுக்கு 'வெள்ளை அடிமை', 'சிவப்பு அடிமை' என்றே பெயர். அந்தப் பெயர்களை மாற்றாமல் வைத்திருப்பது சரியென்றே நினைக்கிறேன்; இறங்குகிறவர்கள் ஒரு கணமாவது குடில்களைத் திரும்பிப் பார்க்க அவை காரணமாகலாம்.

1863 ஜூலை 1ஆம் தேதி டச்சு மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கூலி கொடுக்கவேண்டும் என்றானதும் உப்பில் லாபம் இல்லையென்று ஆகிவிட்டது. சில ஆண்டுகளிலேயே அரசு உப்பளங்களையும் நிலங்களையும் தனியாருக்கு விற்றது. மேற்குக் கரைக்கு எதிரே ஆளில்லாமல் கிடந்த குட்டித்தீவான கிளைன் பொனேரும் அப்படித்தான் 1868இல் தனியார் சொத்தாயிற்று. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆண்கள் குரசாவோவின் எண்ணெய் ஆலைக்கும் அருபாவின் எண்ணெய் ஆலைக்கும் கப்பலேறினார்கள். பெண்களும் முதியவர்களும் அவர்கள் அனுப்பிய பணத்தில் காலம் தள்ளினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஜெர்மானியர்களை அடைத்துவைக்க ஒரு முகாம் கட்டினார்கள். போர் முடிந்தபின் அந்த முகாமின் கட்டடங்களே தீவின் முதல் விடுதிகளில் ஒன்றாக மாறின. ஸ்டூவர்ட் வந்தபோது அவரிடம் நடத்தக் கொடுத்தது அந்த விடுதியைத்தான்.

வறுமையே இயற்கையைக் காக்கும் என்று இங்கே நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வறுமை இயற்கையை அழித்த இடங்கள் உலகில் ஏராளம். பொனேரின் மரங்களே அதற்குச் சாட்சி: கரிக்காகவும் சாயத்துக்காகவும் வெட்டப்பட்டு, ஆடுகளிடம் மிஞ்சாமல் போனவை அவை. கடலுக்கு மட்டும் அந்த வறுமை வேறுவிதமாக அமைந்தது. பெருந்தொழில் வரவில்லை, பெருநகரம் எழவில்லை, மீன்பிடிப்பு தூண்டில் கயிற்றளவில் நின்றது. அதனால் 1960களில் உலகம் ஸ்கூபாவைக் கண்டுகொண்டபோது, கைபடாத கடல் ஒன்று இந்தத் தீவின் கையில் இருந்தது. கைபடாத கடல் வேறு பலரிடமும் இருந்தது. அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் பொனேர் அவர்களிடமிருந்து வேறுபட்டது.

அதன் சட்டங்களின் தேதிகளைக் கவனித்தால் இது விளங்கும். கடலாமை முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் 1961இலேயே பாதுகாப்பு. 1969இல் வடக்கே ஒரு பழைய தோட்டம் வாஷிங்டன் பூங்காவாயிற்று. அதை அரசுக்குக் கைமாற்றும்போதே அங்கே கட்டடம் எழக்கூடாது என்று நிபந்தனை வைத்திருந்தார்கள். தெற்கே புதிய உப்புக் கம்பெனி இயந்திரங்களோடு வந்தபோது, பூநாரைகள் கூடுகட்டும் பெக்கல்மேர் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கவேண்டும் என்றானது. இளஞ்சிவப்பு உப்புப் பாத்திகளுக்கு நடுவே இன்றும் அவை குஞ்சு பொரிக்கின்றன. 1971இல் ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடத் தடை வந்தது. 1975இல் பவளத்தை உடைப்பதற்கும் எடுப்பதற்கும் தடை. 1979இல், உலக வனவிலங்கு நிதியத்தின் உதவியோடு, பொனேர் தீவையும் கிளைன் பொனேரையும் சுற்றி, உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம்வரை சுமார் 2,700 ஹெக்டேர் கடல் முழுவதும் பூங்காவாயிற்று. நங்கூரம் போடக்கூடாது; படகுகள் நிரந்தர மிதவைகளில்தான் கட்டவேண்டும். தீவின் முக்குளிப்புத் தொழில் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. பெரிய விடுதிகள் வராத காலம் அது. கெடுப்பவர்களின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சட்டம் போடுவது எளிது. தடையால் நஷ்டப்படுபவர்கள் சிலரே. அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். முதலீடு குவிந்தபின் அதே சட்டத்தைக் கொண்டுவர நீதிமன்றமும் இழப்பீடும் போராட்டமும் வேண்டியிருக்கும். கேப்டன் டானின் உண்மையான பெருமையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஈட்டியோடு கடலில் இறங்கிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த ஈட்டிக்கே தடை கேட்டு நின்றார். ஆனால் கேட்டவர் ஒருவரென்றால், சட்டம் இயற்றியது தீவின் மன்றம். கடைப்பிடித்தது தீவின் மீனவர்கள். வரலாறு எழுதுபவர்கள் கேட்டவரை மட்டும் நினைவில் வைப்பது அநீதி.

சட்டம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் பொனேரே விடை சொன்னது. 1980களின் நடுவில் தொடக்கப் பணம் தீர்ந்ததும் பூங்கா பெயரளவில் நின்றது. காவலர்கள் இல்லை, மிதவைகளைப் பராமரிக்க ஆள் இல்லை. 1991இல் அதற்கு உயிரூட்டி, 1992 முதல் ஒவ்வொரு முக்குளிப்பாளரும் ஆண்டுக்குப் பத்து டாலர் கட்டவேண்டும் என்றார்கள். பயணிகள் வேறு தீவுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம் தொழில் நடத்துபவர்களிடம் இருந்தது. பயணிகளையே கேட்டபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கட்டணம் நியாயம்தான் என்றார்கள். யாரும் ஓடிவிடவில்லை. அந்தக் காலத்தில் ஜான் டிக்சன், லூயிஸ் ஸ்கூரா, டாம் வான்ட் ஹாஃப் ஆகியோர் செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஓரிடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளுக்கு மேல் போனால் பவளத்தில் சேதம் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. எல்லாரையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பரப்பவேண்டும், புதிதாக வருபவர் முதலில் கரையோரம் மிதப்புக் கட்டுப்பாட்டைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும், கையுறை அணியக்கூடாது என்ற விதிகளின் நியாயம் இதிலிருந்து புரியும். கையுறை இல்லாத கை பவளத்தைத் தொடத் தயங்கும்.

இன்று அங்கே இறங்குபவர் காணும் காட்சிகளிலும் இந்த வரலாறு படிந்திருக்கிறது. உப்புக் கப்பல்கள் சரக்கேற்றும் பாலத்தின் இரும்புக் கால்களில் ஆரஞ்சு நிறப் பவளங்களும் கடற்பஞ்சுகளும் மூடியிருக்கின்றன. மீன்கூட்டம் கால்களுக்கிடையே நிழலாகத் திரள்கிறது. கப்பல் வந்து நின்றால் மட்டும் இறங்க அனுமதி இல்லை. 1984இல் கஞ்சா மூட்டைகளோடு பிடிபட்டு, கேட்பாரற்று நீர்புகுந்து மூழ்கிய 'ஹில்மா ஹூக்கர்' என்ற 72 மீட்டர் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில், இரு பவளத்திட்டுகளுக்கு நடுவே மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. வடமேற்கே 'ஆயிரம் படிகள்' என்ற இடத்தில் உண்மையில் எழுபதுக்கும் குறைவான படிகளே உண்டு. கலனைச் சுமந்து மேலேறும்போதுதான் ஆயிரமாகத் தெரியும். கடற்குதிரையும் கடலாமையும் கிளிமீனும் அதிகம் நீந்தாமலே காணக் கிடைக்கும். கிழக்கே லாக் விரிகுடாவில் அலையாத்திக் காடும் கடற்புல் வெளியும் இளம் மீன்களை வளர்த்துக் கடலுக்கு அனுப்புகின்றன. கிளைன் பொனேரில் விடுதி கட்டும் திட்டங்கள் பலமுறை எழுந்தன. 1999இல் தீவு அதை விலைக்கு வாங்கி, யாரும் குடியேறாத காப்பகமாக்கியது.

எனக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. இவ்வளவு சட்டம் இருந்தும் பொனேரின் பவளம் குறையவில்லையா? குறைந்தது. 1980களின் தொடக்கத்தில் மான்கொம்புப் பவளங்களை ஒரு நோய் அழித்தது. 1983-84இல் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் தரும் கருநிறக் கடல்முள்ளெலிகள் கரீபியன் எங்கும் கூட்டமாக மடிந்தன. 1973 முதல் ரோல்ஃப் பாக் குழுவினர் குரசாவோவிலும் பொனேரிலும் ஒரே இடங்களைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வந்தார்கள். 10, 20 மீட்டர் ஆழங்களில் பவளம் தேய்ந்துவருவதையே அந்தப் படங்கள் காட்டின. 1999 நவம்பரில் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து அலைகளை அனுப்பி ஆழமற்ற திட்டுகளை நொறுக்கியது. 2009இல் அயலிலிருந்து சிங்கமீன் வந்து சேர்ந்தது. 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. நோய்க்கும் வெப்பத்துக்கும் பூங்காவின் எல்லைக்கோடு தெரியாது என்றால், அந்தக் கோடு எதற்கு?

இதற்கான விடை 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. மேய்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்டெனெக் 2003 முதல் குழுவோடு வந்து இந்தத் திட்டுகளை அளந்துவருகிறார். 2010இன் வெளுப்பில் பத்தில் ஒரு பங்கு பவளம் செத்து, அந்த இடத்தில் பாசி பெருகியது. கரீபியனின் பல இடங்களில் அத்தோடு கதை முடிந்துவிடும். பாசி பிடித்த பாறையில் புதுப் பவளம் ஒட்டாது. பொனேரில் 2017க்குள் பாசி குறைந்து பவளம் பழைய அளவுக்கு மீண்டது. பாசியைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்களைப் பிடிக்க 2010இல் தீவு தடை விதித்திருந்தது. மீன்கூண்டுகளையும் படிப்படியாக ஒழித்தது. ஈட்டி வேட்டை அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்ததால் மேய்கிற மீன் அங்கே மிச்சம் இருந்தது. அடி விழாமல் தடுக்கச் சட்டத்தால் முடியவில்லை. அடிபட்டதை எழச் செய்ய முடிந்தது. பவளத்தைப் பொறுத்தவரை அது சிறிய விஷயம் அல்ல.

மற்றோர் எதிர்வாதம் நியாயம் பற்றியது: வெளிநாட்டார் பார்த்து மகிழ, உள்ளூர் மீனவனின் கையைக் கட்டினார்களா? ஈட்டியும் கூண்டும் போனது உண்மை. ஆனால் பாட்டன் காலத்துத் தூண்டில் கயிற்றுக்குப் பூங்காவில் இடம் இருந்தது. மீனவரைக் கரையைவிட்டுத் துரத்தவில்லை. உண்மையான அநீதி கடலில் நடக்கவில்லை, நிலத்தில் நடக்கிறது. 2010 அக்டோபரில் பொனேர் நெதர்லாந்தின் நேரடி ஆட்சிக்கு வந்தது, அடுத்த ஆண்டு டாலர் நாணயமாயிற்று. அப்போது சுமார் 15,000ஆக இருந்த மக்கள்தொகை இன்று 25,000ஐத் தாண்டி நிற்கிறது. நிலத்தின் விலை ஏறியது. உப்பளத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கரையோரத்தில் வீடு வாங்க முடியாமல் நிற்கிறார்கள். 2019இல் உல்லாசக் கப்பல்களில் வந்து சில மணி நேரம் உலாவிச் சென்றவர்கள் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல்.

கரையில் கட்டப்பட்ட வீடுகளும் விடுதிகளும் பல பத்தாண்டுகள் கழிவுநீரை நிலத்துக்குள்ளேயே இறக்கின. துளையுள்ள சுண்ணாம்புப் பாறை வழியே அது கடலுக்குக் கசிந்தது. ஐரோப்பிய நிதியுதவியோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் கரையோரக் குழாய்களும் 2010க்குப் பிறகே வந்தன. கடற்பூங்காவுக்கும் அதற்கும் இடையே முப்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி. தண்ணீருக்குள் முந்திக்கொண்ட தீவு, தரையில் மற்ற எல்லாரையும் போலப் பிந்திவிட்டது. 2023இல் பவளத் திசுவை உருக்கும் கொடிய நோய் பொனேரை எட்டியது. அதே ஆண்டில் மறுபடி கடுமையான வெளுப்பு. சில இடங்களை மூடினார்கள், முக்குளிப்பாளர்கள் தங்கள் கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவவேண்டும் என்று விதித்தார்கள். நோயுற்ற பவளம் தேறுவதற்குத் தெளிந்த நீர் வேண்டும். அந்த நீர் இனித் தெளிந்திருக்குமா என்பது கடலுக்குள் போடும் விதிகளைவிட, கரையில் எத்தனை வீடு, எத்தனை விடுதி, எங்கே, எந்தக் குழாயோடு என்று தீவின் மன்றம் எடுக்கும் முடிவுகளையே சார்ந்திருக்கிறது. 1971இல் ஈட்டியைப் பற்றி முடிவெடுத்தபோது எதிரே நின்றவர்கள் ஒரு சிலர். இன்று நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது எதிரே நிற்பது தீவின் பொருளாதாரத்தில் பெரும்பகுதி.